சித்திரைச்சாவடி அணைக்கட்டு

வெள்ளியங்கிரி மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் பெரியாறு, சின்னாறு, நீலியாறு முதலிய ஓடைகள் ஒன்றுகூடி நொய்யலாகின்றன. அந்த நொய்யல் கோவை நகரை நெருங்கும் முன் சந்திக்கும் முதல் பெரிய அணைக்கட்டு, பேரூருக்கு மேற்கே தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் உள்ள சித்திரைச்சாவடி. மலையில் மழை பிடித்துக்கொண்டால் அணையின் அகலம் முழுவதும் தண்ணீர் வழிந்து அருவியாக விழுகிறது. கோவைக் குற்றாலத்தை அறிந்த பலரும் இந்த அருவியை அறிந்ததில்லை.

இது இயற்கையாக அமைந்த அருவியன்று. ஆற்றின் குறுக்கே எழுப்பிய தாழ்வான அணை நீர்மட்டத்தை உயர்த்தி, கரையோரத்து வாய்க்காலுக்குள் திருப்புகிறது. வாய்க்கால் கொள்ளாத நீர் அணைக்கு மேலே வழிந்து அடுத்த அணைக்குப் போகிறது. ஆகவே இங்கே விழும் நீர், கீழே உள்ளவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு. பெரிய நீர்த்தேக்கம் ஒன்றும் இல்லாமலே ஓர் ஆற்றைப் பல ஊர்களுக்குப் பகிர்ந்தளித்த இந்த முறைதான் கொங்கு நாட்டுப் பாசனத்தின் பெருமை. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே மழைமறைவில் கிடக்கும் கோவைச் சமவெளியில் ஆண்டுக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. மலையில் பெய்வதைத் தேக்கிக்கொண்டால்தான் பிழைப்பு.

அந்தப் பகிர்வுக்குக் கட்டுப்பாடும் இருந்தது. கொங்குச் சோழர் காலத்துப் பேரூர்க் கல்வெட்டு ஒன்று நொய்யலில் தேவிசிறை என்ற அணையைக் கட்ட அனுமதி தருகிறது. ஏற்கெனவே இருந்த கோளூர் அணைக்குக் கேடு வரக்கூடாது என்ற நிபந்தனையையும் விதிக்கிறது. இன்றைய நதிநீர் வழக்குகளில் பேசப்படும் நியாயம் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. பவானி ஆற்றில் கோபிசெட்டிபாளையம் அருகே உள்ள கொடிவேரி அணை 1125இல் கட்டப்பட்டது என்பர். அதுவும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்கு நீர் திருப்ப எழுந்ததே. இன்று அது பெயர்பெற்ற சுற்றுலாத் தலம்; சித்திரைச்சாவடியோ அவ்வளவாக வெளியே தெரியாமலே இருந்துவிட்டது.

சித்திரைச்சாவடி வாய்க்கால் போகும் வழியைப் பார்த்தால்தான் அணையின் அருமை விளங்கும். தென்னை, பாக்குத் தோப்புகளைக் கடந்து அது நகரத்தின் குளங்களுக்குள் நுழைகிறது. புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று மக்கள் அழைக்கும் குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி என்று வரிசை நீள்கிறது. ஒரு குளம் நிறைந்தால் அதன் கலிங்கு வழியாக அடுத்த குளத்துக்குத் தண்ணீர் இறங்கும். கடைசியில் உக்கடம் பெரியகுளத்தையும் எட்டும். வயல்கள் வீட்டுமனைகளான பிறகும் இந்தக் குளங்களே சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஊற்றாக நிற்கின்றன. நடுவே ஆக்கிரமிப்பும் சாக்கடையும் வாய்க்காலை நெரித்தன. 2003இல் தொடங்கிய சிறுதுளி அமைப்பும் பிற தன்னார்வலர்களும் குளங்களைத் தூர்வாரியதில் ஓரளவு உயிர் திரும்பியது. ஆனால் வாய்க்கால் அடைபட்டால் தூர்வாரிய குளமும் வெறுங்குழிதான்.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் வலுக்கும் வாரங்களே அணையைக் காண ஏற்றவை. கோடையில் நொய்யல் பெரும்பாலும் மணல்தான். ஆறும் வாய்க்காலும் பொதுச்சொத்து. கரையை ஒட்டிய தோப்புகள் பட்டா நிலங்கள். நடந்து போகிறவர் விளைச்சலைத் தொடாமல், வேலியைத் தாண்டாமல், குப்பை போடாமல் போவது அந்த உழவர்களுக்குச் செய்யும் மரியாதை. மலையில் பெய்த மழை இங்கே வெயில் காயும்போதே திடீர் வெள்ளமாக வந்து சேரும். வெள்ள நாட்களில் அதிகாரிகள் தடை விதித்தால் அதை மீறக்கூடாது. மற்ற நாட்களிலும் பாசி படிந்த அணைமேல் ஏறுவது ஆபத்து. அருவியைப் பார்க்கச் செல்பவர்கள் கரையோர வாய்க்காலையும் மதகையும் தவறாமல் பார்த்துவிட்டு வர வேண்டும். அணை கட்டப்பட்டது அவற்றுக்காகத்தான்.