அம்புலிமாமாவின் மறுதோற்றம்

சிறுவர் இதழ்களின் வரலாற்றை ஆராய்வோர் அவற்றின் தோற்றத்தையே விரித்துரைப்பர். நின்றுபோன இதழொன்று வாணிக நோக்குடன் மீண்டும் எழுப்பப்படுங்கால், உண்மையில் எழுப்பப்படுவது யாது என வினவுவார் சிலரே. அவ்வினாவிற்கு அம்புலிமாமா தக்க சான்றாகும்.

1947இல் சென்னையில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் 'சந்தமாமா'வையும் தமிழில் 'அம்புலிமாமா'வையும் தொடங்கினர். பின்னர்ப் பிற மொழிகளிலும் இதழ் பரவிற்று. கதைகள் பெரும்பாலும் தெலுங்கில் உருப்பெற்றன. கொடவடிகண்டி குடும்பராவ் அவற்றை நெடுங்காலம் செப்பனிட்டார். ஏனைய மொழியினர் அவற்றைப் பெயர்த்துக்கொண்டனர். ஆகவே நாம் தமிழ்க்கதை எனப் படித்தவற்றுள் பல பெயர்ப்பே. இஃது இழிவன்று, ஆயின் ஆய்வாளர் மறத்தற்குரியதும் அன்று.

வேதாளக் கதைகளை ஈண்டுச் சிறப்பாக நோக்குதல் வேண்டும். வடமொழி 'வேதாள பஞ்சவிம்சதி'யில் உள்ள கதைகள் இருபத்தைந்தே. இறுதிக் கதையின் வினாவிற்கு விடை காணாது அரசன் வாய் திறவானாகின்றான். கதைச் சட்டகமும் முடிகின்றது. இதழாசிரியர்கள் அம்முடிவை நீக்கினர். திங்கள்தோறும் அரசன் விடை கூறியாக வேண்டும். வேதாளமும் முருங்கை மரமேறியாக வேண்டும். இவ்வொரு மாற்றத்தால் அச்சட்டகம் நூற்றுக்கணக்கான புதுக்கதைகளைத் தாங்கிற்று. 1952இல் வந்து சேர்ந்த ஓவியர் சங்கர் (கே. சி. சிவசங்கரன்), தோளிற் பிணமும் கையில் வாளுமாக வரைந்த அரசன் உருவே அதன் முத்திரையாயிற்று.

1998இல் தொழிலாளர் பூசலால் இதழ் நின்றது. 1999இன் இறுதியில் புதிய நிறுவன அமைப்புடன் மீண்டது. 2007இல் மும்பையைச் சார்ந்த ஜியோடெசிக் என்னும் மென்பொருள் நிறுவனம் அதனை வாங்கிற்று. கதை புனையும் கூடத்தினும், பெயரும் பழைய இதழ்க் களஞ்சியமுமே விலைபெற்றன என்பது நம் கருத்து. சங்கர் முதலியோர் அதன் பின்னரும் வரைந்தனர் என்பதையும் நேர்மை கருதிக் கூறுதல் வேண்டும். எனினும் பல தொடர்கதைகளை இயற்றிய தாசரி சுப்பிரமணியத்தின் பெயர் அவற்றோடு அச்சேறியதில்லை. எழுதியவன் பெயரற்ற கதை, விற்பதற்கு எளிதாகின்றது.

பழைய இதழ்கள் இணையத்தளத்தில் ஏற்றப்பட்டமை அம்மறுதோற்றத்தின் பெரும்பயன். அதுவும் நிலைத்ததன்று. 2013 அளவில் அச்சிதழ் நின்றது. 2014இல் நிறுவனம் நீதிமன்ற ஆணையாற் கலைப்புக்குள்ளாயிற்று. 2016இல் தளமும் மறைந்தது. நம் மாணவர் ஒருவர் தமிழ் வேதாளக் கதைகளை நிரல்படுத்த முற்பட்டு, இல்லங்களில் தைத்து வைத்திருந்த தொகுதிகளை நாடினார். தைத்தோர் அட்டைகளை நீக்கியிருந்தமையால், கதைகள் கிடைத்தும் பலவற்றின் ஆண்டு துணியப்படவில்லை.