கிறிஸ்தவத்தில் செருக்கும் தாழ்ச்சியும்

கிறிஸ்தவ மரபு செருக்கைப் பாவங்களின் வேராகக் கருதுகிறது. தன் உயிர், அறிவு, திறமை, செல்வம் எல்லாம் கடவுளிடமிருந்து பெற்றவை என்பதை மனிதன் மறந்து, அவற்றுக்குத் தானே மூலம் என்று எண்ணி, அந்த எண்ணத்தின் பலத்தில் கடவுளுக்கும் பிறருக்கும் மேலே தன்னை நிறுத்திக்கொள்வதே செருக்கு. செய்த வேலை நன்றாக அமைந்ததில் வரும் மகிழ்ச்சியோ, பிள்ளைகளின் வளர்ச்சி கண்டு பூரிப்பதோ இதில் சேராது. இதற்கு எதிரான நற்பண்பைக் கத்தோலிக்கர் தாழ்ச்சி என்றும் சீர்திருத்தச் சபையினர் மனத்தாழ்மை என்றும் சொல்கின்றனர். அது எளியவர்களை அடங்கிக் கிடக்கச் சொல்லும் போதனை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் விவிலியத்தையும் தொடக்க நூற்றாண்டுத் துறவற நூல்களையும் படித்துப் பார்த்தால், தாழ்ச்சி முதலில் கேட்கப்படுவது உயரத்தில் இருப்பவரிடம்தான் என்பது விளங்கும். அரசன், செல்வன், பக்திமான், மடத்தலைவர், கைதேர்ந்த தொழிலாளி ஆகியோரை நோக்கியே அந்தச் சொல் பேசப்படுகிறது. இந்தத் திசை மாறிப்போன இடங்களில்தான் தாழ்ச்சியின் பெயரால் கொடுமைகள் நடந்தன.

பழைய ஏற்பாட்டில் செருக்கைக் கண்டிக்கும் முக்கியமான பகுதிகள் பல அரசர்களைப் பற்றியவை. எசாயா நூலின் 14ஆம் அதிகாரம், விண்மீன்களுக்கு மேல் அரியணை போட நினைத்த பாபிலோன் மன்னனைப் பாதாளத்தில் தள்ளுகிறது. எசேக்கியேல் 28ஆம் அதிகாரத்தில் கண்டிக்கப்படுபவன் தீர் நகரின் ஆட்சியாளன். வணிகத்தில் குவிந்த செல்வம் தலைக்கேறி, தன்னையே கடவுளாக எண்ணிக்கொண்டவன். இவ்விரு பகுதிகளிலும் வானதூதன் லூசிபரின் வீழ்ச்சியைத் திருச்சபைத் தந்தையர் பலர் கண்டனர். அந்த விளக்கம் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் 1667ஆம் ஆண்டுக் காவியம் வரை வந்து சேர்ந்தது. விளக்கம் ஆழமானதே. ஆனாலும் மூல நூல்களில் நிற்பவர்கள் நாடும் நகரும் உடைய மன்னர்கள். பழி முழுவதையும் சாத்தான் மேல் போட்டுவிட்டால் அரண்மனைகள் எளிதாகத் தப்பித்துக்கொள்ளும். தானியேல் 4ஆம் அதிகாரம் இந்த வகையில் மிகவும் நுணுக்கமானது. பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் கண்ட கனவு வரப்போகும் தண்டனையைக் குறிக்கிறது என்று பொருள் சொல்லும் தானியேல், ஒடுக்கப்பட்டோருக்கு இரக்கம் காட்டினால் தண்டனை தள்ளிப்போகலாம் என்கிறார். பன்னிரண்டு மாதம் கழித்து அரண்மனை மாடியில் உலாவும் மன்னன், இந்த மாநகரைத் தன் வல்லமையால் தன் புகழுக்காகக் கட்டியதாகப் பெருமையடிக்கிறான். சொல் வாயில் இருக்கும்போதே அவன் மனிதரிடமிருந்து விரட்டப்பட்டு, மாடுபோல் புல் மேய்ந்து, தலைமுடி கழுகின் இறகுபோலவும் நகங்கள் பறவையின் நகங்கள்போலவும் வளரும் நிலைக்கு வருகிறான். கண்களை வானத்தை நோக்கி உயர்த்தியபோதுதான் அறிவு திரும்புகிறது. செருக்குக்கு இங்கே சொல்லப்பட்ட மருந்து ஏழைக்கு இரங்குவது. தன்னைத் தானே இகழ்ந்துகொள்ளும்படி மன்னனிடம் யாரும் சொல்லவில்லை.

புதிய ஏற்பாடு அரண்மனையை விட்டு விருந்து மேசைக்கும் கோவிலுக்கும் வருகிறது. லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், பந்தியில் முதலிடம் தேடுபவர்களைப் பார்த்து இயேசு பேசுகிறார். கடைசியில் உட்கார்ந்திருப்பவரை அல்ல. 18ஆம் அதிகாரத்து உவமையில் வரும் பரிசேயர் பொய்யரோ திருடரோ அல்லர். வாரத்துக்கு இருமுறை நோன்பிருந்து, வருவாயில் பத்திலொரு பங்கு கொடுப்பவர். அவருடைய நற்செயல்கள் உண்மையானவை. பக்கத்தில் நிற்கும் வரிதண்டுபவரை அளவுகோலாக்கித் தன்னை உயர்த்திக்கொண்டதில்தான் பிழை. இதற்கெல்லாம் அடிப்படை பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்திலும் யோவான் 13ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. கடவுள் வடிவில் இருந்தவர் அந்த நிலையைப் பற்றிக்கொண்டிராமல் அடிமையின் வடிவெடுத்தார் என்கிறார் பவுல். இராவுணவின்போது இயேசு மேலுடையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சீடரின் கால்களைக் கழுவியதை யோவான் விவரிக்கிறார். பேதுரு முதலில் மறுக்கிறார். ஆண்டவர் ஆண்டவராகவே இருக்கட்டும், கால் கழுவுவது வேறு யாருடைய வேலையோ என்ற பழகிய ஒழுங்கு அந்த மறுப்பில் பேசுகிறது. தான் போதகரும் ஆண்டவரும் என்பதை இயேசு அங்கே மறைக்கவில்லை; அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் சீடரும் அவ்வாறே செய்யவேண்டும் என்கிறார். தன் உயரத்தை அறியாதவரின் செயலாக நற்செய்தி அதைக் காட்டவில்லை.

செருக்கின் உளவியலை முதலில் நுட்பமாக ஆராய்ந்தவர்கள் எகிப்தின் பாலைநிலத் துறவியர். கான்ஸ்டான்டினோபிளில் பேர்பெற்றிருந்த எவாகிரியுஸ் (345–399) அந்தப் புகழைத் துறந்து எகிப்துக்குப் போய், துறவியைத் தாக்கும் எட்டுத் தீய எண்ணங்களை வரிசைப்படுத்தினார். பெருந்தீனி முதலில் வருகிறது, செருக்கு கடைசியில். வீண்புகழ் ஏழாவதாகத் தனியே நிற்கிறது. ஏனெனில் அது பிறர் கைதட்டலுக்கு ஏங்குவது, செருக்குக்கோ கைதட்டக்கூட ஆள் வேண்டாம். நல்ல செயல்களுக்குத் தானே காரணம் என்று துறவி எண்ணுவதும், தன் பெருமையை உணராத உடன்பிறப்புகளை மூடர்களாகப் பார்ப்பதுமே எவாகிரியுஸ் காட்டும் அடையாளங்கள். மற்றப் பாவங்களை வென்றவனையே செருக்கு தேடி வருகிறது. துறவி யோவான் கசியான் இந்தப் பட்டியலை மேற்கே கொண்டுசென்றார்; தம் துறவற நூலின் பன்னிரண்டாம், இறுதிப் பகுதியைச் செருக்குக்கே ஒதுக்கினார். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய கிரகோரியார், யோபு நூலுக்கு எழுதிய விளக்கத்தில் செருக்கைப் பட்டியலிலிருந்தே வெளியே எடுத்து, ஏழு தலையான பாவங்களுக்கும் அரசியாக வைத்தார். பிற்கால மறைக்கல்வி வீண்புகழை நீக்கி அந்த இடத்தில் செருக்கை வைத்ததால், இன்று அது ஏழில் ஒன்றாக எண்ணப்படுகிறது. எண்ணிக்கைக்கு வசதியான மாற்றம்தான். ஆனால் வேரைக் கிளைகளோடு சேர்த்து எண்ணியதில் ஒரு தெளிவு போய்விட்டது. அகுஸ்தினார் (354–430) ‘கடவுளின் நகரம்’ நூலின் 14ஆம் புத்தகத்தில் அந்தத் தெளிவைக் காட்டுகிறார். ஏதேன் தோட்டத்தில் கனியைப் பறித்தது வெளியே தெரிந்த பாவம். அதற்கு முன்பே, தனக்குத் தானே போதும் என்று மனம் கடவுளிடமிருந்து திரும்பிவிட்டது.

இந்தப் பகுப்பாய்வு ஒரு சிக்கலையும் கூடவே கொண்டுவருகிறது. செருக்கு நற்செயலிலேயே ஒட்டிக்கொள்ளும் என்றால், தாழ்ச்சியைக் குறிவைத்து முயல்பவன் தன் தாழ்ச்சியைப் பற்றியே பெருமைப்படத் தொடங்குவான். உள்ளத்தைத் துருவிப் பார்ப்பதால் மட்டும் இதிலிருந்து வெளியேற முடியாது. இதற்கு மிக நடைமுறையான விடையைத் தந்தது, ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசினோ மடத்தில் நூர்சியா பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல். தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்றழைக்கும் துறவி இவர். எழுபத்துமூன்று அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் ஏழாம் அதிகாரம் தாழ்ச்சியின் பன்னிரண்டு படிகளைச் சொல்கிறது. பலரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். என் கணிப்பில், நூலின் உண்மையான மேதைமை சமையலறையையும் துறவியரின் வரிசைமுறையையும் பற்றிய சிறு அதிகாரங்களில் இருக்கிறது. முப்பத்தைந்தாம் அதிகாரப்படி துறவியர் வாரமுறை வைத்துச் சமையலறைப் பணி செய்ய வேண்டும். நோயோ மிக முக்கியமான வேறு பொறுப்போ இருந்தாலொழிய விலக்கில்லை. சனிக்கிழமையன்று, முறை முடிந்து போகிறவர், எல்லாரும் கை கால் துடைத்த துண்டுகளைத் துவைத்து வைக்க வேண்டும். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து அனைவருடைய கால்களையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாகப் பண்டசாலைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். இதில் யாரும் தன் தாழ்ச்சியை எண்ணிப் பார்க்க நேரமில்லை; பாத்திரம் சுத்தமா என்பதே கேள்வி.

அறுபத்துமூன்றாம் அதிகாரம் இன்னும் துணிச்சலானது. மடத்தில் ஒருவருடைய இடம் அவர் சேர்ந்த நேரத்தைப் பொறுத்தது. பகலின் இரண்டாம் மணியில் வந்தவர், எந்த வயதினராக, எந்தத் தகுதியினராக இருந்தாலும், முதல் மணியில் வந்தவருக்கு இளையவர். சுதந்திரராகப் பிறந்தவரை, அடிமையாக இருந்து துறவியானவருக்கு மேலே, வேறு நியாயமான காரணமின்றி மடத்தலைவர் வைக்கக் கூடாது என்று இரண்டாம் அதிகாரமே கூறிவிடுகிறது. அடிமைமுறை சட்டமாக இருந்த சமூகத்தில் செனட்டர் வீட்டுப் பிள்ளை, நேற்று வந்த பண்ணையடிமைக்குப் பின்னால் வரிசையில் நிற்பது என்பது சிறிய காரியமல்ல. முக்கிய விஷயங்களில் எல்லாரையும் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும், இளையவருக்கே ஆண்டவர் பலமுறை நல்லதைக் காட்டுகிறார் என்கிறது மூன்றாம் அதிகாரம். கைவினைஞர் தம் திறமையால் மடத்துக்கு வருமானம் வருகிறது என்று இறுமாந்தால், அவரை அந்தத் தொழிலிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும் என்கிறது ஐம்பத்தேழாம் அதிகாரம். விருந்தினரை ஏற்பதிலும், பணக்காரருக்கு அவருடைய தோரணையே மரியாதை வாங்கித்தந்துவிடும் என்பதால், ஏழைகளிடமும் பயணிகளிடமும்தான் கூடுதல் கவனம் வேண்டும். இவை எல்லாவற்றிலும் எடை ஒரே பக்கத்தில் விழுகிறது: உயரத்தைக் கொண்டுவருபவர்தான் இறங்க வேண்டியவர்.

ஏழாம் அதிகாரத்திலோ ஒரு கடினமான இடம் உண்டு. ஒருவர் தன்னை எல்லாரிலும் தாழ்ந்தவராக வாயால் சொல்வது போதாது, உள்ளத்திலும் நம்ப வேண்டும் என்கிறது ஏழாவது படி. இது பொய்யை நம்பச் சொல்வதாகாதா? கற்றவர் தம்மைக் கல்லாதவராக நினைப்பது உண்மைக்கு எதிரானதல்லவா? பதின்மூன்றாம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதை நேராக எதிர்கொண்டார். ஒவ்வொருவரிடமும் கடவுள் தந்ததும் உண்டு, தன்னால் வந்த குறையும் உண்டு. என்னிடம் என்னுடையதாக இருப்பதை, அயலாரிடம் கடவுளுடையதாக இருப்பதோடு ஒப்பிட்டால் நான் தாழ்ந்தவனே. என்னிடமுள்ள கடவுளின் கொடையை அயலாரின் கொடையைவிடக் குறைத்து மதிக்க எனக்குக் கடமையில்லை. அரிஸ்டாட்டில் போற்றிய பெருந்தன்மை, அதாவது பெரிய காரியங்களுக்குத் தன்னைத் தகுதியானவனாகக் கருதும் மனம், தாழ்ச்சிக்குப் பகையல்ல என்றும் அவர் வாதிட்டார். ஒருபடி மேலே போய், தகுதியிருந்தும் பின்வாங்கும் சிறுமனத்தைப் பாவம் என்றார். தன்னால் இயலும் காரியத்துக்குத் தான் தகுதியற்றவன் என்று ஒருவன் அடம்பிடிப்பது, தன் சொந்தக் கருத்தை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்வதால் வருவதாகவும் இருக்கலாம். அப்போது அந்தக் கூச்சத்துக்கும் செருக்கே தாய். தாழ்ச்சி பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையில் இதைவிடக் கூர்மையான அவதானிப்பு அரிது.

நவீன காலத்தின் எதிர்ப்பு வேறு கோணத்திலிருந்து வந்தது. தத்துவஞானி டேவிட் ஹியூம் 1751இல் வெளியிட்ட அறநெறி ஆய்வில், தாழ்ச்சியையும் நோன்பு, தனிமை, மௌனம் முதலியவற்றோடு துறவியரின் நற்பண்புகள் என்று வகைப்படுத்தி, யாருக்கும் பயன்தராத இவை தீய குணங்களின் பட்டியலில் சேரவேண்டியவை என்றார். ஜெர்மன் தத்துவஞானி நீட்சே 1887இல், வலுவற்றவர்கள் தம் இயலாமைக்குச் சூட்டிய அழகிய பெயரே தாழ்ச்சி என்றார். ஹியூமுக்குப் பெனடிக்டின் சமையலறையே விடையாகும். வாரமுறைப் பணியும் இளையவர் கருத்தைக் கேட்பதும் ஒரு குழுமம் வாழ உதவும் பயனுள்ள ஏற்பாடுகள். நீட்சேயின் குற்றச்சாட்டு, நெபுகத்னேசரையும் கால் கழுவும் ஆண்டவரையும் கணக்கில் எடுக்கவில்லை. இயலாதவனின் சமாதானம் என்ற விளக்கம், இயன்றும் இறங்கியவரின் கதைக்குப் பொருந்தாது.

எனினும் இந்த விடையோடு வழக்கு முடிந்துவிடாது. பேதுருவின் முதல் கடிதம் 2ஆம் அதிகாரத்தில், கொடிய எசமானருக்கும் பணிந்திருக்குமாறு வீட்டு அடிமைகளிடம் கூறுகிறது. அதை அமெரிக்க அடிமை உரிமையாளர்கள் பயன்படுத்தினார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றின் பின்னிணைப்பில், அந்த நாட்டின் கிறிஸ்தவமும் கிறிஸ்துவின் கிறிஸ்தவமும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872ஆம் ஆண்டுக் காலத்தில் எழுந்த கத்தோலிக்க ஆலயம், சாதிவாரியாக மக்கள் பிரிந்து அமர இரண்டு தனிக் கூடங்களோடு கட்டப்பட்டது. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டபோது, உயர்சாதியினர் தம் தனியிடத்தை உரிமையாகக் கேட்டு நீதிமன்றம் சென்றனர், தோற்றனர். தாழ்ச்சியைப் பற்றி மறையுரை கேட்ட அதே கூரையின்கீழ், இறங்க வேண்டியவர்கள் இறங்காமல், ஏற்கெனவே கீழே நிறுத்தப்பட்டவர்களிடம் இன்னும் பொறுமை கேட்கப்பட்டது. போதனையின் திசை எவ்வளவு எளிதாகத் திருப்பப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மற்றொரு எதிர்ப்பு இறையியலுக்கு உள்ளிருந்தே எழுந்தது. அமெரிக்க இறையியலாளர் ரெயின்ஹோல்ட் நீபர் 1939இல் ஆற்றத் தொடங்கிய கிஃபர்ட் சொற்பொழிவுகளில் அதிகாரச் செருக்கு, அறிவுச் செருக்கு, ஒழுக்கச் செருக்கு என்று பகுத்து, செருக்கையே மனிதனின் அடிப்படைப் பாவமாக விளக்கினார். 1960இல் இறையியலாளர் வேலரி செய்விங் இதை மறுத்தார். செருக்கை முதற்பாவமாக்குவது ஆண்களின் அனுபவத்தை மனித அனுபவமாக எடுத்துக்கொள்வது. பிறருக்காகவே வாழப் பழக்கப்பட்ட பெண்ணின் சோதனை தன்னை உயர்த்துவதில் இல்லை, தனக்கென்று ஒரு முகமே இல்லாமல் கரைந்துபோவதில் இருக்கிறது என்றார். அப்படிப்பட்ட பெண்ணிடம் இன்னும் தியாகம் செய் என்று போதிப்பது நோயைக் கூட்டும். இந்த வாதம் சரியானது. ஆனால் இது செருக்கு பற்றிய மரபை உடைக்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மறையுரையை நிகழ்த்தும் பழக்கத்தைத்தான் உடைக்கிறது. கிரகோரியார் ஆயர்களுக்காக எழுதிய மேய்ப்புப்பணி நூலின் மூன்றாம் பகுதி, யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதை இணை இணையாக வகுத்துச் சொல்கிறது. செருக்குடையவரையும் தாழ்ச்சியுடையவரையும் ஒரே விதமாக அறிவுறுத்தக் கூடாது. துணிந்து முந்துபவருக்குக் கடிவாளமும், மனம் தளர்ந்தவருக்கு ஊக்கமும் வேண்டும் என்கிறது. அடிமைகளுக்கு அவர்களுடைய நிலையை நினைவூட்டும் இடத்தில் கிரகோரியாரும் தம் காலத்தைத் தாண்டவில்லை என்பது உண்மை. ஆயினும் எசமானருக்கு, நீங்களும் உங்கள் அடிமைகளும் இயல்பில் சமம் என்பதை மறக்கவேண்டாம் என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறார். செய்விங்கின் கேள்விக்கான விடையை மேற்குத் திருச்சபை ஆறாம் நூற்றாண்டிலிருந்தே கையில் வைத்திருந்தது. தளர்ந்தவர்களாகப் பெண்களையும் ஒடுக்கப்பட்டோரையும் கண்டு, அந்த அதிகாரங்களை அவர்களுக்காகத் திறந்து படிக்கத்தான் இத்தனை காலம் ஆனது.