மலை மறைக்கும் அலை

நாஞ்சில் நாட்டுக்கு மழை தரும் மேற்குத் தொடர்ச்சி மலையே, அதன் அடிவாரத்து வீடுகளுக்குக் கைப்பேசி அலையை மறைத்தும் நிற்கிறது.

1895-இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், சுவரை ஊடுருவிய மின்காந்த அலையால் அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். நூறாண்டு கழித்து, 1995 ஜூலை 31 அன்று, இந்தியாவின் முதற் கைப்பேசி அழைப்பு அந்நகரிலிருந்தே டில்லிக்குச் சென்றது. சுவரைக் கடக்கும் அலையும் குன்றின் முன் தளர்ந்துவிடும். கோபுரம் கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்களில் பேச்சு அறுபடுவது இதனாலேயே.

முன்னாளில் வானொலி கேட்க உயரத்தில் ஏரியல் கம்பி கட்டினோம். இன்றும் பரிகாரம் உயரமே. கூரைமேல் கோபுரத்தை நோக்கி ஏரியலை நிறுத்தி, சிம் அட்டை பொருத்திய இணையக் கருவியோடு இணைத்தால், மெலிந்த அலையும் பெரும்பாலும் வலுப்பெறும். கண்ணாடியிழைக் கம்பி எட்டிய ஊர்களில் வைஃபை வழியாகவே பேசலாம். அனுமதியற்ற அலைபெருக்கியோ சட்டத்துக்குப் புறம்பானது. அண்டை வீட்டாரின் இணைப்பையும் குலைப்பது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கிற்று. மின்சாரம் நின்றது, தொலைத்தொடர்பு குலைந்தது. கடலுக்குச் சென்றோரின் செய்தி அறியாமல் கரையிலே குடும்பங்கள் தவித்தன. அந்நாட்களைக் கண்டவர்கள், வீட்டுக்கு அலை எட்டுவதை வெறும் வசதியென்று எண்ணமாட்டார்கள்.