உணர்வகற்றல்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் வரலாறு

நோயாளர் நோவறியாவண்ணம் உணர்விழக்கச் செய்தலைக் குறிக்கும் ஆங்கில வினை 'அனீஸ்தடைஸ்' என்பது. அதனை 'மயக்குதல்' என்றே தமிழில் பெயர்ப்பார் பலர். அஃது எல்லாவிடத்தும் பொருந்துமா என்பதை அச்சொல்லின் வரலாறு கொண்டு ஆராய்தல் வேண்டும்.

1846 அக்டோபர் 16-ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரின் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஒரு நோயாளரை ஈதர் ஆவியை முகரச் செய்தார். அறுவை வல்லுநர் ஜான் காலின்ஸ் வாரன் அவர் கழுத்துக் கட்டியை அறுத்தார். கழுத்தைச் சுரண்டினாற்போல் இருந்ததேயன்றி நோவில்லை என்றார் நோயாளர். மார்ட்டன் தம் மருந்திற்கு 'லீதியான்' எனப் பெயரிட்டார். கிரேக்கப் புராணம் கூறும் மறதி யாறாகிய லீதியின் வழிவந்த பெயர் அது.

அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், மருத்துவரும் எழுத்தாளருமாகிய ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் மார்ட்டனுக்கு மடல் வரைந்தார். அந்நிலையை 'அனஸ்தீசியா' என்றும், அதற்குரிய அடைமொழியை 'அனஸ்தெடிக்' என்றும் வழங்கலாம் என்றார். 'அன்' என்பது இன்மை. 'ஐஸ்தேசிஸ்' என்பது புலனுணர்வு. இச்சொல் ஹோம்ஸ் புதிதாகப் படைத்ததன்று. பண்டைக் கிரேக்கத்தில் வழங்கியதே. அவர் அதற்குப் புதுப் பணி அளித்தார். இவ்வடியினின்று வினைச்சொல் பின்னர்த் தோன்றிற்று.

இப்பெயரின் தகுதி 1884-இல் விளங்கிற்று. வியன்னா மருத்துவர் கார்ல் கோலர் கொக்கெயின் கரைசலைக் கண்ணில் இட்டு, கண்ணை மட்டும் உணர்விழக்கச் செய்யலாம் எனக் காட்டினார். நோயாளர் விழித்திருந்தார், மயக்கமும் இல்லை, மறதியும் இல்லை. ஆண்டு 'லீதியான்' பொருந்தாது, 'உணர்வின்மை' பொருந்தும்.

எனவே, இவ்வினை இருவகைச் செயப்படுபொருள் கொள்ளும்: ஒன்று நோயாளர், மற்றொன்று உறுப்பு. மருத்துவ வழக்கில் நோவு இதற்குச் செயப்படுபொருளாதல் சிறவாது. நோவு தணிக்கப்படுவது, உணர்விழப்பதன்று.

தமிழில் 'மயக்குதல்' முதல்வகைக்கே ஏற்றது. பல் பிடுங்குமுன் ஈற்றை 'மரத்துப்போகச் செய்தல்' என்பதே மக்கள் வழக்கு. இரண்டிற்கும் பொதுவாக 'உணர்வகற்றல்' என்னலாம். ஈறு மட்டும் மரக்கப்போவதை 'மயக்கம் தருவோம்' என எழுதின், தாம் நினைவிழப்போம் என நோயாளர் அஞ்சுதல் கூடும். ஆதலின், மொழிபெயர்ப்போர் செயப்படுபொருளை நோக்கியே வினையைத் தேர்தல் கடன் என்க.