எருக்குழியின் வரலாறும் வீட்டு மட்குரமும்

சமையலறைக் கழிவை வீட்டிலேயே மட்கவைத்து உரமாக்கும் வழக்கம் இன்று நகரங்களில் பரப்பப்படும்போது, அது முன்னோர் கைக்கொண்டிருந்த முறையின் மறுமலர்ச்சி என்றே பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. இக்கூற்றில் பாதியே உண்மை. தமிழகச் சிற்றூர் வீடுகளின் கொல்லையில் எருக்குழி இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்குழியில் சேர்ந்தவை எவை, சேராதவை எவை என்று பிரித்துப் பார்த்தால், இன்று கழிவை மட்கவைக்க மாடியில் வைக்கப்படும் அடுக்குப்பானை அதன் நேர் வாரிசு அன்று என்பது புலப்படும்.

எருவின் அருமையைத் தமிழ் உழவர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். திருக்குறளின் உழவு அதிகாரம், ஏரால் உழுவதைக் காட்டிலும் எருவிடுவது நன்று என்கிறது; அதற்கு முந்தைய குறளோ, உழுத புழுதி காற்பங்காகச் சுண்டும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினாலும், எரு எளிதில் கிடைக்காத பொருள் என்பதை அறிந்தவர்க்கே இரண்டையும் ஒருசேரச் சொல்லத் தோன்றியிருக்கும். அறுவடை முடிந்த நிலத்தில் இரவில் ஆடுகளை மடக்கி வைக்கும் கிடை, வற்றிய ஏரியில் வெட்டியெடுத்த வண்டல், சேற்றில் மிதித்துவிடப்பட்ட ஆவாரை, எருக்கு, கொளுஞ்சித் தழைகள் எனப் பல வழிகளில் நிலத்துக்குச் சத்து தேடப்பட்டது. கொல்லைக் குழி அவற்றுள் ஒன்று.

தொழுவத்தில் அள்ளிய சாணம், மாடு தின்று கழித்து மிதித்த வைக்கோற்கூளம், அதில் ஊறிய மூத்திரம், அடுப்புச் சாம்பல், வாசலிலும் கொல்லையிலும் பெருக்கிய சருகு ஆகியவையே அக்குழியை நிரப்பின. காய்கறித் தோல், அரிசி களைந்த நீர், சோற்று மிச்சம் ஆகியவை குழியை எட்டுவது அரிது. அவை கழுநீர்த் தொட்டியில் சேர்ந்து மாட்டுக்குத் தீனியாயின. மாடில்லாத வீட்டாரும் தம் கழுநீரை மாடுள்ள வீட்டுத் தொட்டியில் கொண்டுபோய் ஊற்றுவதுண்டு. அஃதாவது, சமையலறைக் கழிவைச் செரித்த இடம் குழியன்று, மாட்டின் வயிறே. அக்கழிவு சாணமாக மாறிய பின்னரே எருவின் கணக்கில் வந்தது.

அந்தச் சாணமும் முழுமையாகக் குழிக்குச் செல்லவில்லை. இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்ட ஆங்கில வேதியியல் அறிஞர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளிவந்த தம் அறிக்கையில், விறகுத் தட்டுப்பாட்டால் சாணம் வறட்டியாக எரிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டி, எரிபொருளுக்கென மரத்தோப்புகள் வளர்க்கப்பட்டால் எரு மிஞ்சும் என்று வாதிட்டார். உழவரின் அறியாமையைக் குறைசொல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், குறை விறகில் உள்ளது என்று கண்டது அவருடைய நேர்மைக்குச் சான்று.

இதே சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியவர் ஆல்பர்ட் ஹோவார்ட். 1905இல் பீகாரின் பூசாவில் அரசுத் தாவரவியலாளராகப் பணியேற்ற அவர், உழவர்களையும் பயிர்களைத் தாக்கும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்களாகக் கருதியவர். 1924இல் இந்தூரில் அமைந்த பயிர்த்தொழில் ஆய்வகத்தில், யஷ்வந்த் வாட் என்பவருடன் இணைந்து அவர் உருவாக்கிய முறை, 1931இல் வெளியான நூலின்வழி ‘இந்தூர் முறை’ எனப் பெயர்பெற்றது. சீன, கொரிய, ஜப்பானிய உழவரின் உரமிடும் வழக்கங்களைப் பற்றி அமெரிக்க மண்ணியலாளர் எஃப். எச். கிங் எழுதி 1911இல் வெளிவந்த நூலும், இந்திய உழவரின் கையறிவும் இதற்குப் பின்னணியாக அமைந்தன. சுமார் 30 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட குழியின் ஆழம் 2 அடியே. அதற்கு மேல் ஆழ்ந்தால் காற்று புகாது என்பதே காரணம். பருத்திக் குச்சி முதலிய உலர்ந்த பயிர்க்கழிவு, சாணம், மூத்திரம் ஊறிய தொழுவமண், சாம்பல் ஆகியவை அடுக்கடுக்காகப் பரப்பப்பட்டு, நீர் தெளித்து, மும்முறை புரட்டப்பட்டபோது, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மட்கு, அஃதாவது கருநிறமான உதிரி உரம், கிடைத்தது. கரிமத்துக்கும் தழைச்சத்தாகிய நைட்ரஜனுக்கும் தொடக்கத்தில் ஏறத்தாழ 33க்கு 1 என்ற விகிதம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டதே இம்முறையின் அறிவியல் பங்களிப்பு. சாணத்தோடு கூளம் சேர்த்த உழவர் இந்தக் கலவையைக் கணக்கின்றியே கையாண்டு வந்தனர். ஆழமாக வெட்டி, வெயிலிலும் மழையிலும் திறந்து கிடந்த கிராமத்துக் குழியோ சத்தின் பெரும்பகுதியை இழந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இந்தூர் முறைக்கு மாறாக, பெங்களூரில் ஆய்வாளர் சி. என். ஆச்சார்யா உருவாக்கிய முறை, நகரக் குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கி, மூடி, புரட்டாமல் விட்டுவிடுவது. நகராட்சிகளுக்கு இது உகந்ததாக இருந்தது. ஆனால் அந்த மலத்தை அள்ளிவந்த கைகள் சாதியால் அப்பணிக்குள் அடைக்கப்பட்டவர்களுடையவை என்பதை உரவியல் நூல்கள் பேசுவதில்லை. வீட்டுக் கழிவு வாசலைத் தாண்டியதும் வேறொருவரின் பொறுப்பாகிவிடும் நகர வழக்கத்துக்கும் இந்த ஏற்பாடே அடித்தளம்.

மாடு நகரத்தை விட்டு நீங்கியதும், விறகடுப்பின் இடத்தை எரிவாயு பிடித்ததும், கழுநீர்த் தொட்டியும் சாம்பலும் ஒருங்கே மறைந்தன. சென்னையில் அதன் விளைவு கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பைமலையாகக் குவிந்தது. திடக்கழிவு மேலாண்மை குறித்த 2000ஆம் ஆண்டு விதிகளும், அவற்றுக்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டு விதிகளும், மட்கும் குப்பையைத் தனியே பிரித்து உரமாக்குவதை வலியுறுத்திய பின்னரே வீட்டு மட்குரம் பரவலான பேச்சாயிற்று. நகர வீட்டின் கழிவு ஈரமும் தழைச்சத்தும் மிக்கது. தனியே விட்டால் காற்றோட்டமின்றி அழுகி நாறும், மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாக வெளியேறும். அதனால்தான் பானையில் ஒவ்வொரு முறையும் சருகோ மரத்தூளோ தென்னைநார்க் கழிவோ தூவப்படுகிறது. தொழுவத்தில் வைக்கோற்கூளம் தானாகவே செய்த பணியை இங்கே மனிதர் நினைவாகச் செய்ய வேண்டியுள்ளது.

பழைய குழிக்கு இருந்து இன்றைய பானைக்கு இல்லாத மற்றொன்று நிலம். கோடை உழவுக்கு முன் வண்டிகட்டி எருவை வயலுக்கு அடித்தாக வேண்டியிருந்ததால் குழி ஆண்டுதோறும் காலியாயிற்று. அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நான்கைந்து தொட்டிச் செடிகளுக்குப் போக எஞ்சும் மட்குரத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. பல வீடுகளில் இம்முயற்சி ஓராண்டுக்குள் கைவிடப்படுவதற்கு நாற்றத்தைக் காட்டிலும் இதுவே பெரிய காரணமாகத் தோன்றுகிறது.