தெற்கே மணல், வடக்கே கல்

ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளோடு கடற்கரைக்குக் கிளம்பும் நம் குடியிருப்பு வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? வாசலைத் தாண்டியதும் எல்லாம் தெற்கே திரும்பும். மெரினா, பெசன்ட் நகர், கொஞ்சம் நேரம் இருந்தால் கோவளம், மாமல்லபுரம். வடக்கே ஒரு வண்டி திரும்பினால் அது மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கடலை ஒட்டி வீடு வாங்கியவர்கள் நாம். கடல் பார்க்க மட்டும் கோட்டையைத் தாண்டிப் போகிறோம்.

வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் கன்டெய்னர் லாரி, புகைபோக்கி, கருங்கல் என்று பதில் வரும். இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும், அதற்கு அப்பால் பழவேற்காடு வரைக்கும் குப்பங்கள் தொடர்ந்து இருக்கின்றன. திருச்சினாங்குப்பம், ஒண்டிக்குப்பம், நல்லதண்ணீர் ஓடைக்குப்பம், பெரியகுப்பம், சின்னகுப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நல்ல தண்ணீர் ஓடை, தாழை, காடு, முகத்துவாரம். கரை முன்பு எப்படி இருந்தது என்பதை ஊர்ப் பெயர்களே சொல்லுகின்றன.

நம் பேட்டையின் பெயரும் கடல்காரர்கள் கொடுத்ததுதான். ராயப்பர் என்பது பேதுரு என்ற புனிதருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வழங்கும் பெயர். ராயப்பர் கோயில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படகோட்டிச் சமூகத்தார் தங்கள் காசில் எழுப்பியது. 1856இல் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போன ரயில்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் என்பதும், அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அதைப்பற்றி எழுதாதவர் இல்லை. நான் சொல்ல வருவது அதைவிடப் பெரிய கட்டுமானம் ஒன்றைப் பற்றி. நம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலே அதன் கிரேன்கள் தெரியும்.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசூலா படகில் ஏறி அலையைத் தாண்டிக் கரைக்கு வரவேண்டும். மசூலா என்பது பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கட்டுமரத்துக்காரர்களும் மசூலாக்காரர்களும் இல்லாமல் கம்பெனியின் ஒரு மூட்டைத் துணிகூடக் கப்பல் ஏறியிருக்காது. 1861இல் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. 1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கரையிலிருந்து இரண்டு கற்கைகள் கடலுக்குள் நீண்டன. வேலை முடிகிற தறுவாயில், 1881 நவம்பர் புயல் வந்து பெரும்பகுதியை வாரிக்கொண்டு போயிற்று. விடவில்லை, திரும்பவும் கட்டினார்கள்.

இனி கடலின் கணக்கைப் பார்க்கவேண்டும். நம் மீனவர்கள் இரண்டு நீரோட்டங்களைச் சொல்வார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவது தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. கரையோர மணலும் இப்படித்தான் போகிறது, வருகிறது. ஆண்டில் ஏறக்குறைய எட்டு மாதம் வடக்கே நகரும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் நிகரமாக வடக்கே போவதுதான் அதிகம். அப்படி ஓயாமல் போய்க்கொண்டிருந்த மணலுக்குக் குறுக்கே துறைமுகத்தின் கற்கை வந்து நின்றது. தெற்கே வந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே போகவேண்டிய மணல் வரவில்லை, ஆனால் வடக்கே இருந்த மணலை அலை வழக்கம்போல் எடுத்துக்கொண்டே இருந்தது.

தெற்கே தங்கிய மணல்தான் மெரினா. 18ஆம் நூற்றாண்டுப் படங்களைப் பாருங்கள், புனித ஜார்ஜ் கோட்டைச் சுவருக்கு எதிரிலேயே அலை அடிக்கும். கவர்னர் கிராண்ட் டஃப் 1880களில் கடலோரம் உலாவுசாலை போட்டு மெரினா என்று பெயர் வைத்தபோதுகூட மணல் இவ்வளவு அகலம் இல்லை. இன்று சராசரி முந்நூறு மீட்டர் என்கிறார்கள். சுண்டல் கடை, குதிரை, தலைவர்களின் சமாதிகள் என்று அத்தனைக்கும் இடம் கிடைத்தது அதனால்தான்.

நான் முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் பேரேடு எழுதியவன். ஒரு பக்கம் வரவு இருந்தால் மறுபக்கம் பற்று இருந்தே ஆகவேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறியது. மெரினாவை எல்லாரும் இயற்கையின் கொடை என்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேரேட்டை மூடிவிடுகிறார்கள். மறுபக்கத்தில் எழுதியிருப்பது ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். பல இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் கரை கடலுக்குள் போயிற்று. கட்டுமரம் ஏற்றிவைத்த மணலும், வலை உலர்த்திய மணலும், தெருக்களும் வீடுகளும் போயின. குப்பம் ஒவ்வொரு தலைமுறைக்கும் மேற்கே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் சாலை தடுத்த இடத்தில் நின்றது.

கரை போவதைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் கல்வரிசை அது. கல் சாலையைக் காப்பாற்றியது, மணலைத் திருப்பித் தரவில்லை. இந்த நூற்றாண்டில் தூண்டில் வளைவுகள் வந்தன. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய சின்னக் கற்கைகள்தான் அவை. ஒவ்வொன்றின் தெற்கு மூலையிலும் கொஞ்சம் மணல் சேர்ந்திருப்பதை நீங்களே பார்க்கலாம். அந்தத் துண்டு மணலில் ஃபைபர் படகுகளைத் தோளோடு தோள் இடித்து நிறுத்தியிருப்பார்கள். துறைமுகத்தின் பாடம்தான், சிறிய அளவில். ஒன்றின் வடக்கே போகும் இழப்பை அடுத்த வளைவு தாங்கவேண்டும். கடைசி வளைவுக்கு வடக்கே இருப்பவர் யாரைக் கேட்பார்?

இதை ஏன் நம் குடியிருப்பு இதழில் எழுதுகிறேன் என்றால், நம் வாட்ஸப் குழுவில் அவ்வப்போது ஒரு புகார் வருகிறது. சாலையில் வலை காய்கிறது, நடைபாதையில் கருவாடு காய்கிறது, எல்லாம் ஆக்கிரமிப்பு, யாரும் கேட்பதில்லை என்று. நாற்றம் நாற்றம்தான், அதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஆக்கிரமிப்பு என்ற சொல்லை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள். இந்தக் கரையில் யார் முதலில் வந்தது என்பதற்கு ராயப்பர் கோயிலே சாட்சி. அவர்கள் சாலைக்கு வரவில்லை. ஒரு பக்கம் கடல் வந்தது, மறுபக்கம் சாலை வந்தது, நடுவில் அவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். வலையை வேறு எங்கே காயவைப்பார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு பல குடும்பங்களை எர்ணாவூர்ப் பக்கம் குடியமர்த்தினார்கள். வீடு கிடைத்தது, சரி. படகு கடலோரத்தில்தானே நிற்கவேண்டும்.

வடக்கே போனால் திருவொற்றியூரை விட்டுவிடாதீர்கள். போகிற வழியில் காலடிப்பேட்டை வரும். சங்கரர் பிறந்த காலடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களுக்காக உண்டாக்கிய பேட்டை அது. காலெட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. தியாகராஜர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய உண்டு. எனக்குப் பிடித்த இடம் கோயிலைவிடக் கடலோரத்தில் இருக்கும் பட்டினத்தார் சமாதி. காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகர், எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து அடங்கியதாகச் சொல்லப்படும் இடம், இன்றைக்கும் கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

எண்ணூரில் உங்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கப் போன இடம் எண்ணூர்தான். கடலுக்கும் கழிக்கும் நடுவே பங்களா கட்டி, படகு விட்டு, மீன் சாப்பிட்டு வந்தார்கள். பேசில் காக்ரேன் என்ற வியாபாரி அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய்தான் பின்னர் நீண்டு பக்கிங்காம் கால்வாய் ஆனது. உப்பும் விறகும் அதில் வந்தன. அந்தக் காலத்து உல்லாசக் கடற்கரை நமக்கு வடக்கே இருந்தது என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்?

பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு மனம் இல்லை. 1970இல் அனல் மின் நிலையம், அதைத் தொடர்ந்து மற்றவை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழியில் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, வாளியால் அள்ளிக் கொட்டினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி கழி முழுக்க எண்ணெய். அதற்குப் பிறகும் அந்தக் கழியில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவி எடுக்கும் இருளர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை நின்று பாருங்கள்.

கழிக்கு அந்தப் பக்கம் 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, இப்போது காமராசர் துறைமுகம். அடுத்து காட்டுப்பள்ளி. மறுபடியும் கடலுக்குள் கற்கைகள், மறுபடியும் தெற்கே மணல் சேர்கிறது, வடக்கே கரை அரிக்கிறது. இந்த முறை பற்று எழுதப்படுவது பழவேற்காட்டின் பேரில். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மெல்லிய மணல் திட்டு, அதில் மீனவர் கிராமங்கள். நம்மிடம் நூற்றைம்பது வருஷக் கணக்கு கையில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் புதுப் பேரேடு திறப்பது எந்த ஊர் நிர்வாகம் என்று எனக்குப் புரியவில்லை.

பழவேற்காட்டுக்கு ஒரு நாள் முழுதாக வேண்டும். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்துக்குத் தலைமையிடமாக வைத்திருந்த ஊர். சென்னை பிறப்பதற்கு முன்பே உலகம் அறிந்த ஊர். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கோட்டையில் பார்க்க அதிகமில்லை. டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள், வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏரி மீனவர்களிடம் பாடு என்ற முறை உண்டு. எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. எங்கள் வங்கியில் இவ்வளவு ஒழுங்காகக் கவுன்ட்டர் மாற்றிக்கொண்டதில்லை.

போவதற்கு வழி சுலபம். விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது. எண்ணூருக்கு, நம் ராயபுரம் ஸ்டேஷனிலேயே கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலைப் பிடிக்கலாம். பழவேற்காட்டுக்குப் பொன்னேரி வழி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்போது காசிமேடு வெறிச்சென்றிருக்கும். நான் வேலை பார்த்த கிளையில் அந்த வாரங்களில்தான் நகைக்கடன் கவுன்ட்டரில் வரிசை நீளும். தாலிக்கொடியைத் தவிர எல்லாம் வந்துவிடும். படகு போக ஆரம்பித்து இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாக மீட்டுக்கொண்டு போவார்கள். அந்தப் பெண்களிடம் நான் கணக்கில் ஏமாந்ததும் இல்லை, அவர்கள் என்னிடம் ஏமாந்ததும் இல்லை.

தடைக்காலம் முடிந்த பிறகு, விடியற்காலையில் போங்கள். படகு தள்ளுகிறவர்களைப் படம் எடுப்பதானால் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். நெட்டுக்குப்பத்தில் கற்களின்மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். குடையும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் நிழல் கிடையாது.