புள்ளலூரும் ஒரு டேபிள் டென்னிஸ் மேஜையும்

எங்க ஊர் காஞ்சிபுரம்னு சொன்னா பெங்களூர்ல எல்லாரும் முதல்ல கேக்கறது பட்டுப்புடவை எங்க வாங்கலாம்னுதான். இருபது வருஷமா பதில் சொல்லி அலுத்துப்போச்சு. போன மாசம் இரண்டாம் சனிக்கிழமை (எங்க பொழப்புல மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமைதான் சொந்தம்) எங்க அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸ்ல காஞ்சிபுரத்தை வேற ஒரு காரணத்துக்காக நாலு பேர் தலைல கட்டினேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் விளையாட்டு, கடைசியில கொஞ்சம் அசடு வழியல்.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே டவுன் பஸ் போகிற தூரத்தில் புள்ளலூர் என்று ஒரு கிராமம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளைத் தோற்கடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிற இடம் இதுதான். எதிரி யார் என்று செப்பேடு பெயர் சொல்லவில்லை, புலிகேசிதான் என்பது பெரும்பாலோர் கருத்து. பதினொரு நூற்றாண்டு கழித்து 1780 செப்டம்பர் 10ஆம் தேதி அதே இடத்தில் ஹைதர் அலியும் மகன் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை ஒன்றை மொத்தமாகத் துடைத்துப் போட்டார்கள். அதுவரை இந்தியாவில் ஆங்கிலேயர்களுக்கு அப்படி ஒரு அடி விழுந்ததில்லை. ஊரில் இருந்தவரை எனக்கு இது தெரியாது. பி.காம் படித்தபோதும் தெரியாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அந்த ஓவியத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பல்லக்கில் ஒரு வெள்ளைக்கார கர்னல் வாயில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றிச் சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக நிற்க, நடுவில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. "இது எந்த ஊர்ப்பா?" என்று பையன் கேட்டான். பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "நம்ம ஊருடா" என்றேன். நம்பவில்லை.

அந்தக் கர்னல் பெயர் வில்லியம் பெய்லி. குண்டூரிலிருந்து ஏறக்குறைய 2,800 பேரோடு தெற்கே வந்துகொண்டிருந்தார். அதில் பெரும்பாலோர் நம்ம ஊர் சிப்பாய்கள்தான். காஞ்சிபுரத்தில் ஐயாயிரம் பேரோடு காத்திருந்தவர் சர் ஹெக்டர் மன்றோ. (சென்னையில் குதிரை மேல் சிலையாக இருக்கிறாரே, அவர் இல்லை. அவர் தாமஸ் மன்றோ. அவரும் அப்போது பத்தொன்பது வயதுப் பையனாக இதே படையில்தான் இருந்தார்.) ஹெக்டர் மன்றோ லேசுப்பட்ட ஆள் இல்லை. 1764இல் பக்சாரில் ஜெயித்தவர். இரண்டு படைகளும் காஞ்சிபுரத்தில் சேர்ந்துவிட்டால் ஹைதரை எதிர்க்கலாம் என்பது திட்டம். ஹைதரிடம் எண்பதாயிரத்துக்கு மேல் இருந்ததாகக் கணக்கு. மதராஸ் பக்கத்திலேயே ஒன்று சேர்ந்துவிடலாம் என்று அப்போதே சிலர் சொல்லிப் பார்த்தார்கள். மன்றோ காஞ்சிபுரம்தான் என்று நின்றுவிட்டார்.

முதல் கோளாறு கொசஸ்தலை ஆற்றில். ஆகஸ்ட் 25ஆம் தேதி வடகரைக்கு வந்த பெய்லி, நாளைக்குக் கடந்துகொள்ளலாம் என்று அங்கேயே கூடாரம் அடித்தார். ராத்திரி ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது. எங்க பக்கத்து ஆறுகளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். வருஷம் முழுக்க மணலாகக் கிடந்து, வர வேண்டாத நேரம் பார்த்து வரும். செப்டம்பர் 3ஆம் தேதிதான் அக்கரைக்குப் போக முடிந்தது. ஒன்பது நாள் போச்சு. 6ஆம் தேதி பேரம்பாக்கம் பக்கத்தில் திப்பு வந்து மோதினார். பெய்லி சமாளித்துவிட்டார், ஆனால் "இனி என்னால் தனியாக வர முடியாது, நீங்கள் வாருங்கள்" என்று மன்றோவுக்குக் கடிதம் போனது. நடுவில் இருந்தது பதினாலு மைல்தான்.

மன்றோ போகவில்லை. கர்னல் ஃப்ளெட்சர் என்பவரிடம் ஆயிரம் பேரைக் கொடுத்து அனுப்பினார். வருஷக்கணக்காக எனக்கு இந்த இடம் வந்தாலே பற்றிக்கொண்டு வரும். முழுசாகப் போயிருக்கலாம், இல்லை போகாமலே இருந்திருக்கலாம். அஞ்சில் ஒரு பங்கை அனுப்புவது என்ன கணக்கு? ஆபீசில் மதிய சாப்பாட்டு நேரத்தில் இதை எத்தனை தடவை பேசினேன் என்று எண்ணினால், சக அதிகாரிகள் எனக்குக் கோவில் கட்ட வேண்டும் :-)

அப்படிக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன என் பேட்ச்மேட், திருச்சிக்காரன், ஒருநாள் சொன்னான்: "சும்மா சொல்லிட்டே இருக்காதடா, ஒரு நாள் ஆடிப் பாத்துருவோம். நீ மன்றோ, நான் பெய்லி."

மேஜைமேல் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்திப் பழைய போர்களை மறுபடி ஆடுவது வெளிநாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. எச்.ஜி. வெல்ஸ் 1913லேயே இதற்கு விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். ஈயத்தில் வார்த்து, சட்டைப் பொத்தான் வரை வர்ணம் தீட்டின பொம்மைகள் கிடைக்கும். விலையைப் பார்த்தேன், பக்கத்தை மூடிவிட்டேன். பிறகு சென்னபட்டணத்தில் ஒரு கடைசல் பட்டறையில் விரல் நீளத்துக்கு மரக்கட்டைகள் சொல்லிச் செய்து வாங்கினோம். கம்பெனிக்குச் சிவப்பு, மைசூர் காலாட்படைக்குப் பச்சை, குதிரைப்படைக்கு மஞ்சள். அந்த ஊருக்கு அரக்கு வேலையைக் கொண்டுவந்ததே திப்புதான் என்று சொல்வார்கள். அந்த வகையில் திப்புவின் படையைத் திப்புவின் ஊரிலேயே திரட்டியாகிவிட்டது. ஒரு சிவப்புக் கட்டை 50 பேர், பச்சையும் மஞ்சளும் 200 பேர். இல்லாவிட்டால் மேஜை தாங்காது. ஹைதருக்கு யானை வேண்டுமே? தங்கமணியின் கொலுப்பெட்டியிலிருந்து ஒன்று கடன் வாங்கினேன். தும்பிக்கை உடைந்தால் நவராத்திரிக்கு நான் படியில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஹைதராக எங்கள் பிளாக்கில் இருக்கிற மைசூர்க்காரர். திப்புவாக ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பையன். நடுவராக, வேலூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர் ஒருவர். திப்பு பெயரை எடுத்தாலே இப்போதெல்லாம் சண்டைதான் என்பதால், அரசியல் பேசுகிறவர் அடுத்த சுற்று காபி போட வேண்டும் என்று முதலிலேயே அவர் சட்டம் போட்டுவிட்டார்.

அவர் செய்த இன்னொரு காரியம்தான் ஆட்டத்தின் உயிர். "மன்றோவுக்கு மேஜையில என்ன நடக்குதுன்னு தெரியுமா? தெரியாதில்ல? அப்ப நீங்க இங்க நிக்கக் கூடாது தம்பி" என்று சொல்லி, பக்கத்தில் இருக்கும் ஜிம் அறைக்குள் என்னை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார். கையில் ஒரு சார்ட் பேப்பர் வரைபடம், ஒரு பென்சில், ஒரு காகிதம். காகிதத்தில் என் கையிருப்பு: இத்தனை பீரங்கி, இத்தனை நாளுக்கு அரிசி. அரிசி கோவிலுக்குள் இருக்கிறது. நான் ஊரைவிட்டு நகர்ந்தால் ஹைதரின் குதிரைப்படை அதை எடுத்துக்கொள்ளலாம். அரிசி போனால் மூன்றாம் நாள் என் படை கலையும். இதெல்லாம் அவர் கற்பனை இல்லை. மன்றோ பின்னால் சொன்ன காரணமும் இதேதான்.

முதல் சீட்டு வந்தது. "திப்பு தாக்கினான். 100 பேர் சேதம். உடனே வரவும். - பெய்லி." திருச்சிக்காரனின் கோழிக்கிறுக்கல் கையெழுத்து. நான் வரைபடத்தைப் பார்த்தேன். ஹைதர் எங்கே என்று தெரியாது. பெய்லியை நோக்கி நான் போகும்போது அவர் பக்கவாட்டில் வந்தால்? போன சமயத்தில் அரிசி போனால்? அரிசிக் கணக்கை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். நான் கேலி செய்துகொண்டிருந்த அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை, சத்தியமாக. ஆயிரம் பேரை அனுப்பினேன்.

நிஜத்தில் ஃப்ளெட்சருக்குக் கொடுத்த வழிகாட்டிகள் ஹைதரின் ஆட்கள். ஏதோ சந்தேகம் வந்து அவர் வேறு வழியாகப் போனதால்தான் பதுங்கியிருந்த படையிடம் மாட்டாமல் 9ஆம் தேதி காலை பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஆட்டத்தில் அதற்குப் பகடை. ஐந்து விழுந்தது, சேர்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி கிளம்பிய பெய்லி, வழியில் எதிரித் தொல்லை அதிகமானதும் விடியட்டும் என்று நடுவழியில் நின்றுவிட்டார். ஏன் நின்றார் என்று இன்றுவரை எழுதுகிறார்கள். விடிந்தபோது முன்னால் திப்புவின் பீரங்கிகள், சற்று நேரத்தில் ஹைதரின் முழுப்படையும். இதைப் படித்துவிட்டு வந்திருந்த திருச்சிக்காரன், "நான் நிக்க மாட்டேன், ராத்திரி பூரா நடப்பேன்" என்றானாம். (இதெல்லாம் எனக்குப் பிறகு சொன்னது.) நடுவர் தலையை ஆட்டிவிட்டு, இருட்டில் ஏரிக்கரையும் சேற்று வயலுமாக நடந்தால் வண்டிகள் பின்தங்கும் என்று பகடையை உருட்டினார். விடிந்தபோது பெய்லி நிஜத்தைவிட காஞ்சிபுரத்துக்கு நெருக்கம்தான். ஆனால் வெடிமருந்து வண்டிகள் ஒரு மைல் பின்னால்.

என் பையன் படையைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தான். மஞ்சள் கட்டைகளையெல்லாம் அங்கே விட்டான்.

இங்கே மைசூர்க்காரருக்கும் நடுவருக்கும் பதினைந்து நிமிஷம் வாக்குவாதம். மைசூர் ராக்கெட்டுக்குத் தனி மதிப்பெண் வேண்டும் என்கிறார் இவர். நியாயம் இருக்கிறது. இரும்புக் குழாயில் மருந்து அடைத்த அந்த ராக்கெட்டைப் பார்த்துத்தான் பிற்பாடு இங்கிலாந்தில் கான்கிரீவ் தன்னுடையதைச் செய்தார். ஆனால் புள்ளலூரில் வண்டியை வெடிக்க வைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா, வெறும் கவனக்குறைவா என்பதில் பழைய ஆவணங்களே ஒத்துப்போவதில்லை. கடைசியில் இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தால் வெடிக்கும் என்று முடிவு. விழவில்லை. வெடிக்கவே இல்லை. திப்பு வண்டிகளை அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டான்! தோட்டா இல்லாத சிவப்புக் கட்டைகள் சதுரமாக நின்றன.

ஜிம் அறையில் எனக்கு இரண்டாம் சீட்டு. "வடக்கே பீரங்கிச் சத்தம்." அவ்வளவுதான். யாருடைய பீரங்கி? ஒரு சுற்று பொறுத்துப் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சுற்று என்றால் ஒரு மணி நேரம். அடுத்த சுற்றில் முழுப்படையோடு கிளம்பினேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது.

மேஜையில் சிவப்பு இல்லை. நிஜத்திலும் மன்றோ கிளம்பத்தான் செய்தார். சில மைல் தூரத்தில் இருக்கும்போதே எல்லாம் முடிந்தது என்று தெரிந்து திரும்பினார். கனமான பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாக மதராசுக்கு ஓடினார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782 நவம்பரில் செத்துப்போனார். அவரோடு பிடிபட்ட டேவிட் பெயர்டு என்ற கேப்டன் 1784இல் விடுதலையாகி, 1799 மே 4ஆம் தேதி அதே கோட்டைமேல் ஏறின படைக்குத் தலைமை தாங்கி வந்தார். பெய்லிக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. சதுரத்தில் நின்ற சிப்பாய்கள் பெயர் எந்தக் கல்லிலும் நான் பார்க்கவில்லை. அந்த வருஷம் ஹைதர் படை எரித்துவிட்டுப் போன எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கும் கல் கிடையாது. எங்கள் பாட்டி "ஐதர் கலாபம்" என்று ஒரு வார்த்தை சொல்லுவாள். அடுப்படியில் பாத்திரம் தாறுமாறாகக் கிடந்தால் சொல்லுகிற வார்த்தை. அர்த்தம் தெரிய எனக்கு நாற்பது வயதாயிற்று.

"அப்பா, நீங்க வரவே இல்லியே?" என்று பையன் கேட்டான். கிண்டலாக இல்லை. நிஜமாகவே எனக்காகக் காத்திருந்திருக்கிறான். தெற்குப் பக்கம் முப்பது பச்சைக் கட்டைகளை எனக்காகவே ஒதுக்கி வைத்திருந்தான்.

திருச்சிக்காரன் கட்டைகளை டப்பாவில் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னான்: "போன தடவையும் இதேதாண்டா பண்ணினே."

மற்றவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. 2016 நவம்பர். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த மறுவாரம். நான் கரன்சி செஸ்ட்டில். அவன் ஊருக்கு வெளியே ஒரு கிளையில் மேனேஜர். வாசலில் விடிகாலையிலிருந்து வரிசை. போன் பண்ணினான், "பணம் அனுப்புடா, ஷட்டரைத் தட்டறாங்க." என்னிடம் இருந்தது கொஞ்சம். நாளைக்கு என்ன வரும் என்று தெரியாது. மற்ற கிளைகளும் கேட்டுக்கொண்டிருந்தன. கேட்டதில் மூன்றில் ஒரு பங்கை அனுப்பினேன். மத்தியானம் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் கண்ணாடி உடைந்தது, அவனுக்கு நெற்றியில் நாலு தையல். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. நானும் கேட்டதில்லை. சாப்பாட்டு நேரத்தில் மன்றோவைத் திட்டுவதை மட்டும் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

"அன்னிக்கு செஸ்ட்டுல எவ்வளவுடா இருந்துச்சு?" என்றான்.

சொன்னேன். தொகை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டான். "ம்... அவ்வளவுதானா? நான் நிறைய இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, டப்பாவை மூடினான். "அடுத்த ரெண்டாம் சனிக்கிழமை நான் ஜிம் ரூம்ல உக்காந்துக்கறேன். நீ ஆத்தைக் கடந்து வா."

யானையின் தும்பிக்கை பத்திரம். தங்கமணி பரிசோதித்துவிட்டுத்தான் உள்ளே வைத்தாள்.